துரைசானி விட்டுப்போன படம்

என் தம்பி ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டைகளுக்கு அடியில் செத்தான். மூட்டை தூக்கிய சங்கிலி அறுந்தது. ஒரு கண்ணி விரிந்திருப்பதை அவன் முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லியிருந்தான். மேஸ்திரி அதில் கம்பியைச் சுற்றிவிட்டு, போய் வேலையைப் பார் என்று இறக்கிவிட்டான். விசாரணையில் வேறு மாதிரி சொன்னான். பையன் தண்ணி போட்டிருந்தான், தானாக வந்து அடியில் நின்றான் என்று சத்தியம் செய்தான். தம்பி கள்ளைத் தொட்டவன் இல்லை. ஊரில் அவன் பெண்டாட்டிக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்று பேர் வந்துவிட்டது.

மேஸ்திரியை நான் அடிக்கவில்லை. அடித்தால் எனக்கு ஜெயில், அவனுக்கு ஒரு வாரம் வலி. அவ்வளவுதான். அவன் வாயாலேயே உண்மை வரவேண்டும், அவன் ஆட்கள் முன்னால். காத்திருந்தேன்.

அப்போது ஒரு துரைசானியிடம் வேலைக்கு இருந்தேன். படம் எழுதுகிறவள். பாரிஸில் கற்றுக்கொண்டு, மெக்ஸிகோவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவள். சாயம் அரைப்பதும் துணியைச் சட்டத்தில் இழுத்து அடிப்பதும் என் வேலை. கோடை முழுக்க ஒரே படத்தோடு மல்லுக்கு நின்றாள். படிக்கட்டு மாதிரி கட்டங்கள், கறுப்பும் செங்காவியும். நடுவில் இரண்டு வட்டம். கீழே வரிசையாக முக்கோணங்கள், அவற்றிலிருந்து தொங்கும் ஒரு சிவப்புப் பட்டை. ஓரத்தில் பச்சையாக ஒரு வளைவு, இறகு முளைத்த பாம்பு மாதிரி.

இது யார் என்று கேட்டேன். அரைகுறை இந்துஸ்தானியில் சொன்னாள். எதையும் உடைத்துக் கட்டமாக்குவது பாரிஸில் படித்ததாம். நிறமும் கோலமும் மெக்ஸிகோவின் பூர்வகுடிகள் கல்லிலும் நெசவிலும் வைத்ததாம். ஆளும் இல்லை, சாமியும் இல்லை என்றாள். எனக்கென்னவோ அது முகமாகத்தான் தெரிந்தது.

அவள் கப்பலேறும்போது அந்தப் படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டாள். நான் எடுத்துவந்தேன். ரங்கூன் லான்மடாப் பேட்டையில், மேஸ்திரியின் ஆட்களோடு நான் தங்கியிருந்த கூலிக் கொட்டடியின் மூங்கில் தட்டியில் ஓட்டை இருந்தது. சாரல் அடிக்காமலிருக்க அங்கே மாட்டினேன்.

எங்களுக்குச் சமைத்துப்போடும் அக்காதான் முதலில் கவனித்தாள். "நாக்கப் பாத்தியாடா. என் மாமியாளுக்குக்கூட இவ்ளோ நீளம் இல்ல" என்று சிரித்தாள். மறுநாள் அவளே அந்தச் சிவப்புப் பட்டையில் குங்குமம் வைத்தாள். பிறகு கற்பூரம் வந்தது. அடுத்த வீட்டு பர்மாக்காரியும் அதைக் காவல் ஆவி என்று நினைத்துப் பூ வைத்துவிட்டுப் போனாள். கும்பிடாமல் யாரும் வேலைக்கு இறங்குவதில்லை என்று ஆயிற்று. அது சாமி இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வழி தெரிந்துவிட்டது.

ஆடி வெள்ளிக்கிழமை பூசை வைத்தார்கள். முதல் மரியாதை தனக்குத்தான் என்று மேஸ்திரி புது வேட்டியில் வந்தான். தேங்காய் உடைத்தான். படத்தை ஏறிட்டுப் பார்த்தவன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான்.

"என்னா சாமிடா இது?"

"பேர் தெரியாதுங்க. பொய்ச் சத்தியம் பண்ணவன விடாதாம்" என்றேன்.

தட்டில் கற்பூரம் ஏற்றி அவன் முன்னால் நீட்டினேன். எங்கள் ஆட்களிடம் கோர்ட்டுச் சத்தியம் செல்லாது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால்தான் சத்தியம்.

"என் தம்பி குடிச்சிருந்தான்னு சொல்லி அடிங்க. எனக்கு அது போதும்."

சிரித்துத் தள்ளப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று அதட்டினான். தட்டை நான் இறக்கவில்லை. கையைத் தூக்கினான். தீக்கு மேலே அது நின்றது. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. இன்னொரு கட்டி வைத்தேன்.

"வேணாம்" என்றான். "அவன் குடிக்கல."

"சங்கிலி?"

"தெரியும்."

சமையல்கார அக்கா அவன் உடைத்த தேங்காயை எடுத்து வெளியே சாக்கடையில் வீசினாள்.

திங்கட்கிழமை அவன் கூப்பிட்டபோது ஓர் ஆளும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் வேறு மேஸ்திரியிடம் போனார்கள். ஆள் இல்லாத மேஸ்திரியைத் துறைமுகத்தில் எவன் மதிப்பான். ஊருக்குப் போகிறவர்களிடம், தம்பி பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள்.

தீபாவளிக்கு முன்னால் அவன் கூலிகளோடு திறந்த தளத்து மலிவு டிக்கெட்டில் மெட்ராஸ் கப்பல் ஏறினான். பார்க்கப் போனேன். கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டு முகத்தைத் திருப்பினான். நான் திருப்பவில்லை. கப்பல் ஆற்று வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.