எண்ணப்படாத ஓட்டு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுத்தேன். மதிப்பெண் குறைவு என்பதால் பிள்ளைகள் அதைக் கடைசியில்தான் புரட்டுவார்கள். ஒருத்தி மட்டும் கேள்வி கேட்பாள். ரகசிய வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்ன அன்று எழுந்து நின்றாள்.

"வூட்ல கேட்டாக்கூடச் சொல்ல வாணாமா டீச்சர்?"

"வேண்டாம்மா. அது உன்னோடது."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகு அவளை மாமல்லபுரம் பக்கத்து ஊரொன்றில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சில வருடம் கழித்து வந்த தேர்தலில் எனக்கு அந்த ஊர்ச் சாவடியில்தான் பணி. விரலில் மை வைக்க வேண்டும். மத்தியானம், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

பட்டியல் பார்த்தவர் நிமிர்ந்தார். "உன் ஓட்டக் காலையிலயே போட்டாச்சேம்மா."

"நான் இப்பத்தான சார் வர்றேன்!" விரலை நீட்டினாள். மை இல்லை.

காலையில் யாரோ ஒரு பெண் அவள் பெயரைச் சொல்லி ஓட்டுப் போட்டுப் போயிருக்கிறாள். காலைக் கூட்டத்தில் மை வைத்துக்கொண்டிருந்த நான் பெயரைக் கவனிக்கவில்லை. கட்சி ஏஜெண்டுகள் யாரும் தடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் அவளுடைய கணவரின் அண்ணன். அவரிடம் திரும்பினாள்.

"இங்கதான மாமா குந்திக்கினு இருந்தீங்க? அது நான் இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"யாருக்குப் போடுவேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்ற. இப்ப இன்னா? வூட்டுக்குப் போ."

தலைமை அலுவலர் விதிப்படி வேறொரு சீட்டுக் கொடுத்தார். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் மறைவுக்குள் போய் முத்திரை குத்தி, மடித்துக் கொண்டுவந்தாள். அவர் அதை ஓர் உறைக்குள் வைத்தார்.

"பொட்டில போடலியா டீச்சர்?"

"தனியா வைப்பாங்கம்மா. கோர்ட் கேட்டாத்தான் எடுப்பாங்க."

"அப்ப எண்ண மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடுத்த ஜூனில் அதே பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்ததை வாசித்து முடித்தேன். விளக்கம் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

வெகுநாள் கழித்துச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். அந்த வருடமும் தேர்தல் நடந்திருந்தது. ஓட்டுப் போட்டாயா என்று கேட்டேன்.

"அன்னிக்கோட வுட்டுட்டேன் டீச்சர். வூட்ல ரெண்டு மாசம் யாரும் மூஞ்சி குடுத்துப் பேசல. எதுக்கு பேஜாரு?"

என் உடம்பைப் பற்றி விசாரித்தாள். அவளுடைய பேருந்து வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.