இத்ரீஸ் சொன்னதாக

தான் எழுதாத ஒரு வாக்கியத்துக்கு ஒருவர் ஆசிரியராக முடியுமா? காரிமங்கலத்து நஸீமாவின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான்.

நஸீமா ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். 2016இல், தம் ஊரைச் சுற்றியுள்ள நாற்பத்தொரு கிணறுகளின் புளோரைடு அளவைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பெரிய கட்டுரை என்று சொல்ல மாட்டேன். அளந்ததை அளந்தபடி சொன்னது, அவ்வளவே. அந்த ஆய்விதழின் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருக்கிறது? இனிஷியலை விரித்து, தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பினார். அன்று முதல் உலகத்துக்கு அதன் ஆசிரியர் இத்ரீஸ்.

இத்ரீஸ் சந்தைகளில் ஆடு வாங்கி விற்றவர். பள்ளிக்கூடம் போகாதவர். 2011இல் இறந்துவிட்டார்.

சில ஆண்டுகள் கட்டுரையை யாரும் சீந்தவில்லை. பிறகு வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். பதினொன்று, முப்பது, அறுபத்து மூன்று. கட்டுரைக்கும் அது வந்த இதழுக்கும் இந்த எண்ணிக்கைதான் எடை. இணைப் பேராசிரியர் பதவிக்குக் கல்லூரி ஐம்பது மேற்கோள்கள் கேட்டது.

“மேடம், கலக்கிட்டீங்க. ஆனா எல்லாம் யாரோ இத்ரீஸ் பேர்ல கெடக்குதுங்களே?” என்றார் அலுவலக உதவியாளர் ரஞ்சித்குமார்.

“எங்க அத்தாங்க அது.”

“அவரும் ப்ரொபசருங்களா?”

“ஆட்டு யாவாரி.”

“அட, நம்ம பிரின்சிபாலையே தாண்டிட்டாருங்களே!” என்று சிரித்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பேருக்கு மாத்திடுங்க. விட்டா அடுத்த புரமோஷனுக்கு இன்னும் மூணு வருசம் ஆகும்.”

மாற்றுவதற்கு முன், தம்மிடமிருந்து என்ன எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க நஸீமா அறுபத்து மூன்றையும் திறந்தார். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: ஆடு முகம் திருப்பும் கிணற்றில் மனிதரும் குடிக்கலாகாது என்கிறார் இத்ரீஸ்.

அவருடைய கட்டுரையில் ஆடே கிடையாது. மூன்று முறை படித்துப் பார்த்தார். ஒருவர் பிழையாக எழுத, மற்றவர்கள் மூலத்தைப் பார்க்காமல் நகலெடுப்பது ஆய்வுலகில் உண்டு. அது அறுபத்திரண்டு பேரை விளக்கும். முதல் ஆளை விளக்காது. அவருக்கு நஸீமா மின்னஞ்சல் எழுதினார். மறுநாளே பதில் வந்தது: “உங்கள் கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறதே.” கட்டுரைக்கு இருந்ததே நான்கு பக்கங்கள்தான்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த தாய் ஜான் பீயிடம் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினார்.

“இதுல என்ன அதிசயம்? உங்கத்தா பேச்சுத்தானே. ஆடு மூஞ்சத் திருப்புச்சுன்னா அந்தக் கெணத்துல கையக்கூட நனைக்க மாட்டாரு. ஆட்டுக்கு இருக்குற புத்தி உனக்கில்லையான்னு என்னையத்தான் திட்டுவாரு.”

“வெளிய யார்கிட்டயாவது சொல்லியிருப்பாராம்மா?”

“அந்த மனுசனா? வூட்லயே வாயத் தெறக்க மாட்டாரு.”

வெள்ளிக்கிழமை, ஆசிரியர் பெயரைத் திருத்தும் படிவம் கணினித் திரையில் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இத்ரீஸ், நஸீமா இருவரும் ஒரே ஆளா? கீழே இரண்டு பொத்தான்கள். ரஞ்சித்குமார் பக்கத்தில் நின்றிருந்தார். நஸீமா ‘இல்லை’ என்பதை அழுத்தினார்.

“அய்யோ, மாத்தித் தட்டிட்டீங்க மேடம்!”

“இல்லைங்க. பார்த்துத்தான் தட்டுனேன்.”

பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஏன் அப்படிச் செய்தார் என்று நஸீமா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.