தரையில் கிடந்த முனை

காலையில் டிவிக்காக வாங்கிய புது ஈதர்நெட் கேபிளைப் பிரித்தேன். உறையைக் கிழித்ததும் ஒரு பிளாஸ்டிக் வாசனை வந்தது பாருங்கள், அது என்னை நேராகத் தண்டையார்பேட்டை மாடியறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அங்கே நானும் தோழி சல்மாவும் கம்பெனி நடத்தினோம். சிரிக்காதீர்கள், கம்பெனிதான். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர்களை இரும்பு ரேக்கில் அடுக்கி, சாதாரண ஈதர்நெட் கேபிளால், ஒன்றின் செய்தியை இன்னொன்றுக்குக் கடத்தும் ஒரு சுவிட்ச் பெட்டியில் கோத்து, எல்லாமாகச் சேர்ந்து ஒரே கணக்கைப் போட வைத்திருந்தோம். பெரிய இடங்களில் இதற்கென்றே விலை கூடிய இணைப்பெல்லாம் உண்டு, எங்களுக்கு ஏது? கடல் பரப்பைத் துண்டு போட்டு மெஷினுக்கு ஒன்றாகக் கொடுப்போம். ஒவ்வொன்றும் பக்கத்து மெஷினிடம் "உன் ஓரத்தில் அலை எவ்வளவு?" என்று கேட்டுக் கேட்டுத்தான் மேலே போகும். பதில் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அலை பெரிதானால் கப்பல் தன் கயிறுகளை எவ்வளவு இழுக்கும் என்று கப்பல் அணையும் துறைமேடை வைத்திருந்த ஒருவருக்குத் திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். எங்கள் முதல் பெரிய வேலை அது. தவறினால் கடையைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான். ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் கணக்கு அப்படியே நிற்கிறது. சுவிட்சின் பச்சை விளக்குகள் மட்டும் பேய் பிடித்த மாதிரி மின்னுகின்றன. மெஷின்களை அணைத்துப் போட்டேன், கும்பிட்டும் பார்த்தேன்.

சல்மாதான் கேபிள்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே சுவிட்சில் இருந்தன. போன செய்தியே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, மற்றதற்கெல்லாம் வழியை அடைத்திருந்தது.

"யாரு இத்த சொருகுனது?"

வாசலில் டீயோடு நின்றவர் வீட்டுக்காரர் காதர் பாய். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவர்.

"நான்தாம்மா. ஒரு மொனை தரையில கெடந்துகினு இருந்துச்சு. கயிறு மொனைய அப்டி வுட்டா கால்ல மாட்டிக்கும். எங்காளு ஒருத்தன் அப்டித்தான் வுயுந்தான்."

சல்மா முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "ஒங்க கயிறு கணக்கத்தான் பாய் நீங்களே நிறுத்திக்கீறீங்க."

"பேஜாரா பூட்ச்சே," என்றார்.

கேபிளைப் பிடுங்கினோம். நல்லவேளையாகப் பாதிக் கணக்கு சேமிப்பில் இருந்தது, அங்கிருந்து ஓடியது. பாய் கீழே போகவே இல்லை. கடைசி எண் திரையில் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை சொன்னபடி கொடுத்தோம், பிழைத்தோம்.

இன்று அந்த வீடு அடுக்குமாடி. எங்கள் கணக்கெல்லாம் ஏதோ ஊரில் வாடகை மெஷினில் ஓடுகிறது. பாய் மணலிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை போன் பண்ணுவார். டீயோடு அவர் வந்து எட்டிப் பார்க்க அந்த அறைதான் இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

புது கேபிளின் ஒரு முனையை டிவியில் செருகிவிட்டு, மற்றதை வேண்டுமென்றே தரையில் போட்டு வைத்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. எடுத்துச் செருக யாரும் வரவில்லை, இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.