ஜூலிக்கு உண்ணி மருந்து வாங்கிய கதை

எங்கள் வீட்டில் உண்ணி இருப்பதை அம்மா ரொம்ப நாள் வரைக்கும் ஒப்புக்கொள்ளவே இல்லை. சுவரோரம் ஊர்ந்ததை எறும்பு என்றாள். கூடத்தில் கிடந்ததை மிளகு என்றாள். அந்த மிளகுக்குக் கால் முளைத்து அது அலமாரிக்கு அடியில் போவதை நான் காட்டியபோது, "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்றாள். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். டீச்சர் வீட்டில் உண்ணி என்று தெருவில் பேசிவிடுவார்களே என்பது அவள் கவலை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. செம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் காலனியில் பாதி மனைகள் காலியாகவே கிடந்தன. ஏரியில் மேய்ந்துவிட்டு வரும் மாடுகள் அங்கே படுத்து அசைபோடும். தெருநாய்களும் அங்கேதான் வெயில் காயும். அவையெல்லாம் எழுந்து போன இடமாகப் பார்த்து எங்கள் ஜூலி ஒரு புரளு புரண்டுவிட்டு, ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு வீடு திரும்பும். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். மாமா ஒரு மழை நாளில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கித்தான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அத்தை பிரசவத்துக்காக வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா பாட்டி இருவரும் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. வந்த நாளிலிருந்து அத்தை மெதுவாக நடந்தாள், மெதுவாக உட்கார்ந்தாள், யாராவது வேகமாகக் கதவைச் சாத்தினால்கூடத் திடுக்கிட்டாள். என் அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். நான் கீழே பாயில் படுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை அத்தையின் தலையணை உறையில் கொழுத்த உண்ணி ஒன்று உட்கார்ந்திருந்தது. இம்முறை அதை மிளகு என்று சொல்ல அம்மாவுக்கே வாய் வரவில்லை. அப்பா அதைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார். அவர் கோபப்பட்டால் குரல் உயராது, தணியும்.

"உண்ணி போகணும். இல்லைன்னா நாய் போகணும்" என்றார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மாமாவின் சிநேகிதர் ஒருவர் வேலை பார்க்கும் கம்பெனியில் காவலுக்கு ஒரு நாய் தேவைப்படுகிறது என்று மாமாவே முன்பு எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தார். அப்பா அதை மறக்கவில்லை. நான் அன்று சாப்பிட மாட்டேன் என்று அறிவித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை என்பதால் மத்தியானம் நானே தட்டை எடுத்துக்கொண்டு போனேன். மாமா என்னைத் தனியே அழைத்து, "கவலைப்படாத. ஒரே மருந்து, ஒரே குளியல், ஒரு உண்ணி இருக்காது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் மாமாவும் பஸ் பிடித்துத் தாம்பரம் போனோம். முதலில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாய்க்கென்று தன்னிடம் எதுவும் வருவதில்லை, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவுங்கள் என்றார். மாமாவுக்கு அது ரொம்பச் சாதுவான வைத்தியமாகப் பட்டது. ரயில் பாலத்தின் மேல் ஏறி மேற்குப் பக்கம் இறங்கினோம். மார்க்கெட்டை ஒட்டி, மாட்டுத் தீவனமும் உரமும் விற்கும் கடை ஒன்று இருந்தது.

"இன்னா சார் வோணும்?" என்றார் கடைக்காரர்.

"உண்ணிக்கு மருந்து."

"மாட்டுக்கா, நாய்க்கா?"

"நாய்க்கு."

"பவுடர் கீது, சோப்பு கீது. கய்த்துல கட்ற பெல்ட்டு ஒண்ணு புச்சா வந்துகீது. தண்ணில கலக்கி ஊத்தற மருந்தும் கீது. எது குடுக்கட்டும்?"

"எது ஸ்ட்ராங்?" என்றார் மாமா.

அது ஒன்றுதான் மாமா கேட்ட கேள்வி. கடைக்காரரும் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. மாமா ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். பவுடர் முகத்துக்குப் பூசுவதுபோல் மணக்கிறதென்று ஒதுக்கினார். சோப்பையும் அப்படியே. பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுத்தில் கட்டினால் வாலில் இருக்கும் உண்ணிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கடைசியில் சின்ன பாட்டிலைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுதான்" என்றார்.

பாட்டில் மேல் ஒரு மாட்டின் படம் இருந்தது. நாய் இல்லை. நான் அதைக் காட்டினேன்.

"மாடு பெருசு, நாய் சின்னது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் மாமா.

மறுநாள் காலை ஜூலியைக் கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டினோம். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளித் தண்ணீரில் மருந்தை ஊற்றினார். தண்ணீர் பாலாக வெளுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நெடி வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் படிக்கு வந்து நின்றாள்.

"தம்பி, அது என்ன மருந்து?"

"உண்ணி மருந்துக்கா. நீங்க உள்ள போங்க, நாத்தம் அடிக்கும்."

அத்தை போகவில்லை. ஜூலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலி வாளியைப் பார்த்துப் பயந்து மல்லாந்து படுத்திருந்தது.

"அவ வயித்தைப் பாருங்க."

"நல்லா சாப்பிடறாக்கா. அதான்."

"சாப்பிட்டா காம்பெல்லாம் வீங்குமா? அவ சினையா இருக்கா தம்பி."

மாமா குனிந்து பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மருந்து கலந்தாகிவிட்டது, அப்பாவும் செய்தித்தாளோடு கொல்லை வாசலுக்கு வந்துவிட்டார். "இருந்தாலும் நாய்க்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டுக் குவளையை வாளிக்குள் விட்டார்.

தும்மலைக்கூட அடக்கித் தும்முகிற அத்தை படியிறங்கி வந்தாள். வாளியைக் காலால் தள்ளினாள். வாளி உருண்டு, வெள்ளைத் தண்ணீர் கொல்லை முழுக்க ஓடியது. ஜூலி எழுந்து சங்கிலியின் நீளத்துக்கு ஓடி நின்றது.

"வயித்துல இருக்கா இல்லையான்னு கேக்காம யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாது. யாருக்கும்!" என்றாள் அத்தை. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா குவளையோடு அப்படியே நின்றார். அம்மா ஓடி வந்து அத்தையின் காலில் தண்ணீர் விட்டுக் கழுவி உள்ளே அழைத்துப் போனாள்.

அத்தை இதற்கு முன்பும் பிரசவத்துக்கென்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வெறும் கையோடு திரும்பிப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டில் அதை "அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்போ" என்றுதான் குறிப்பிடுவார்கள். நானும் அது ஏதோ நீளமான காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். அன்று அடுக்களையில் அம்மாவும் அப்பாவும் தணிந்த குரலில் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள். தலைவலிக்கு நல்லது என்று யாரோ கொடுத்தது. கொடுத்தவரும் எதுவும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்ட அத்தைக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாத்திரையால்தான் அப்படி ஆனதா என்று டாக்டர்களே உறுதியாகச் சொல்லவில்லையாம். அத்தை மட்டும் உறுதியாக இருந்தாள்.

மறுநாள் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டார். காய்ச்சல் வந்தால்கூட எலெக்ட்ரிக் டிரெயினைத் தவறவிடாத மனிதர், ஜூலியை ஸ்கூட்டரின் முன்பக்கம் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னால் உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். மாமா சைக்கிளில் வந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நாங்கள் மட்டும்தான் நாயோடு நின்றோம்.

டாக்டருக்கு இளவயதுதான். ஆனால் களைத்துப்போயிருந்தார். ஜூலியின் வயிற்றை இரண்டு பக்கமும் மெல்ல அழுத்திப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குட்டி இருக்கு. உண்ணிக்கு என்ன மருந்து போட்டீங்க?"

மாமா சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"இதையா?"

"போடல சார். கலந்தோம். என் தங்கச்சி கொட்டிட்டா" என்றார் அப்பா.

"நல்லவேளை" என்றார் டாக்டர். பாட்டிலை மாமாவிடம் திருப்பித் தரவில்லை. "கடையில மருந்தைப் பத்திக் கேக்கறீங்க. நாயைப் பத்திச் சொல்றதே இல்ல. என்ன வயசு, என்ன எடை, சினையா, பால் குடுக்குதா, எல்லாம் தெரிஞ்சுதான் மருந்து. இப்போதைக்கு இதுக்குக் கடுசா எதுவும் வேண்டாம். ஒரு பவுடர் எழுதித் தர்றேன், சொல்ற அளவுக்குப் போடுங்க. மிச்சத்தைக் கையால எடுங்க."

அளவு சொல்வதற்கு எடை வேண்டுமே. தராசில் ஜூலி நிற்க மறுத்தது. மாமா அதைத் தூக்கிக்கொண்டு ஏறினார், பிறகு அவர் மட்டும் ஏறினார். கழித்துப் பார்த்ததில் ஜூலியின் எடையோடு மாமாவின் எடையும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாட்டுக்காரர் சிரித்தார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாயை வேற எங்கயாவது அனுப்பிடலாம்னு ஒரு யோசனை இருந்தது டாக்டர்."

"அனுப்பினா நாய்தான் போகும். உண்ணி போகாது. நாய் மேல இருக்கறது கொஞ்சம் சார். மிச்சமெல்லாம் உங்க வீட்டுச் சுவத்து விரிசல்ல இருக்கு."

எனக்கு அந்த டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. திரும்பும் வழியில் அப்பா ஸ்கூட்டரை ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஜூலிக்கு ஒரு பன் வாங்கிப் போட்டார். அதிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பிறகு வீடு பட்ட பாடு. மாமா சிமெண்ட் குழைத்து விரிசல் விரிசலாக அடைத்தார். ஒரு வேலையை அவ்வளவு பேசாமல் அவர் செய்து நான் பார்த்ததில்லை. ஜூலி படுக்கும் சாக்கைக் கொளுத்தினோம். அம்மா கட்டில் கால்களை வெந்நீர் விட்டுக் கழுவினாள். சுண்ணாம்பு அடித்தோம். தெருவில் யாரோ என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, நாத்தனார் வந்திருக்கிறாள் அல்லவா, அதுதான் வெள்ளையடிக்கிறோம் என்றாள் அம்மா. கடைசி வரைக்கும் அவள் வாயிலிருந்து உண்ணி என்ற சொல் வெளியே போகவில்லை.

சாயங்காலங்களில் அத்தை கொல்லையில் நாற்காலி போட்டு, எட்ட உட்கார்ந்துகொள்வாள். மாமா இடுக்கியால் உண்ணியைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவார். எந்தக் காது ஆயிற்று, எந்தக் கால் விரல் பாக்கி என்று அத்தைதான் கண்காணிப்பாள். "வலிக்காம எடுங்க தம்பி" என்பாள். "சரிக்கா" என்பார் மாமா.

மழை தொடங்கிய சமயம், மோட்டார் அறையில் ஜூலி குட்டிகளைப் போட்டது. நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். என்ன நிறம், என்ன சாயல் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "எல்லாம் மூச்சு விடுதா? நல்லாப் பார்த்தியா?" என்றுதான் கேட்டாள். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். எல்லாம் மூச்சு விட்டன, எல்லாம் பால் குடித்தன, எல்லாம் கத்தின.

குட்டிகளுக்கு வயிற்றுப்பூச்சி மருந்து கொடுக்கும் பருவம் வந்தபோது மாமா என்னை மறுபடி தாம்பரத்துக்கு அழைத்துப் போனார். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு கையில் இருந்தும், அதைக் கொடுக்காமல் முதலில் கடைக்காரரிடம் பேச ஆரம்பித்தார். தாய்க்கு என்ன வயது, எப்போது குட்டி போட்டது, எந்தக் குட்டி எவ்வளவு எடை, எது மட்டும் கொஞ்சம் மெலிவு.

"இன்னா சார், நாய்க்கு மருந்து வாங்க வந்தியா, பொண்ணு பாக்கச் சொல்லி ஜாதகம் குடுக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

மாமா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் சீட்டை நீட்டினார்.

அதன் பிறகு கொஞ்ச நாளில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பாகூட உரக்கச் சிரித்தார். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்து வந்ததும், அத்தை குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் அறைக்குப் போய்ப் படுத்தாள். நான் இருந்ததிலேயே அழகான குட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் காட்ட ஓடினேன். அம்மா கதவை மறித்து நின்றாள். ஒரு தோளில் குழந்தை.

"அத்தையைப் பார்க்கணும்."

"அப்புறம் பார்க்கலாம். அவ தூங்கறா."

"பகல்லயா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. தூங்கட்டும்டி. அவ தூங்கி எத்தனை மாசம் ஆச்சு."

அத்தையின் கணவர் நெய்வேலியிலிருந்து வந்திருந்தார். அவரும் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தை வந்ததிலிருந்து அந்த அறையில் அவள் கட்டிலுக்குக் கீழே படுத்தவள் நான். விடிகாலையில் விழிப்பு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறேன். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அசையாமல்தான் படுத்திருப்பாள். கண்ணை மூடியிருந்தால் அது தூக்கம் என்றுதான் எனக்கு அப்போது தெரியும்.