லாக்லன் நீட்டிய கிளாஸ்

காலையில் முதல் வேலையாக லாக்லன் பெட்ரி உள்ளங்கையில் கொஞ்சம் விஸ்கியை ஊற்றிக்கொள்வார். இரண்டு கைகளையும் தேய்த்துவிட்டு, காரமான நெடி பறந்து போகும்வரை ஜன்னலைப் பார்த்து நிற்பார். பிறகு கைகளைக் குவித்து, முகம் கழுவிக்கொள்பவரைப் போல மூக்கருகே கொண்டுபோவார். ஈரம் காய்ந்த பிறகு மிஞ்சும் வாசனைதான் பொய் சொல்லாது என்பது அவர் எண்ணம். வாய்க்குள் ஒரு சொட்டும் போகாது.

லீத் துறைமுகத்துப் பின்தெருவில் இருந்தது டல்கார்னோ குடும்பத்தின் கிடங்கு. மலைப்பக்கத்திலும் தீவுகளிலும் யார் யாரோ வடித்த விஸ்கிகளை வாங்கி, ஒன்றாகக் கலந்து, கலந்ததை மறுபடி பீப்பாயில் ஆறு மாதம் உறங்கவிட்டு, நாரைப் படம் ஒட்டிய பாட்டிலில் அடைத்து விற்றார்கள். கலப்பது லாக்லனின் வேலை.

அவருடைய சாம்பிள் அறையில் பேச்சு கிடையாது. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் மூக்கு கெட்டுவிடும் என்று பெரியவர் டல்கார்னோ ஏற்படுத்திய வழக்கம் அது. பிடிக்காவிட்டால் கிளாஸை மேசைமேல் வைத்து, "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிட வேண்டும். பெரியவரின் பிள்ளைகளும் இதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

லாக்லனுக்கு அந்த வழக்கம் வீட்டில் மனைவி செங்காவின் சமையல்வரைக்கும் போயிருந்தது. பாட்டில் அடைக்கும் கூடத்தில் வேலை செய்த பெல்லா அவரைச் சும்மா விடமாட்டாள்.

"ஏன் லாக்லன், செங்கா வைக்கிற சூப்பையும் மோந்து பாத்துட்டுப் பேசாம இருந்துடுவீங்களாமே?"

"நல்லாயிருந்தா எதுக்குப் பேசணும்?"

"அவ புண்ணியவதி. நானா இருந்தா சட்டியோட தலையில கவுத்திருப்பேன்."

பெரியவர் இறந்தார். கம்பெனி மூன்று பிள்ளைகளுக்கும் சரிபங்காகப் போனது. எழுபதுகளின் கடைசியில் லண்டன்காரர்கள் அதை விலைக்குக் கேட்டு வந்தார்கள். மூத்தவர் மர்டோ விற்றுவிடலாம் என்றார். இளையவர் கிராஃபர்டு கூடாது என்றார். நடுவில் பிறந்த மிஸ் ரோனா எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் முடிவு. கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறவருக்கும் இது தெரியும்.

கிடங்கைச் சுற்றிப் பார்க்க வந்த லண்டன்காரர் ஒருவர் உறங்கும் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தார். "கலந்தாச்சு இல்ல? அப்புறம் எதுக்கு இதெல்லாம் இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு?"

அன்று லாக்லன் சாப்பிடவில்லை. "மிஸ் ரோனாகிட்ட விக்காதீங்கன்னு சொல்லிடப்போறேன்" என்றார் மனைவியிடம்.

"என்கிட்டச் சொன்னதை அங்க போய்ச் சொல்லுங்க. எனக்கு ஓட்டு கிடையாது" என்றாள் செங்கா.

அவர் போக வேண்டியிருக்கவில்லை. விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முந்தின நாள் மிஸ் ரோனாவே சாம்பிள் அறைக்கு வந்தார். கையுறையைக் கழற்றாமல் மேசையருகே நின்றார். லாக்லன் கையில் அந்தக் குளிர்காலத்துக் கலவை ஊற்றிய கிளாஸ் இருந்தது.

"நாளைக்குக் கூட்டம், லாக்லன். நான் என்ன சொல்லப்போறேன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்த அறையில் ஒரு கேள்வி ஒலித்ததே அவருக்குத் திடுக்கென்றது. வீட்டில் கூட்டிக்கூட்டி வைத்த சொற்கள் தொண்டைவரை வந்து, அங்கேயே மூட்டை இறக்கி உட்கார்ந்துகொண்டன. முதலாளி வீட்டுச் சொத்தில் நான் யார் வேண்டாம் என்று சொல்ல? வழக்கம்போலக் கிளாஸை முகர்ந்தார். பிறகு, கைக்கு வேறு போக்கிடம் தெரியாமல், அதை அவரிடம் நீட்டினார்.

மிஸ் ரோனா வாங்கி முகர்ந்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லாமலே புரிந்துகொண்டார் என்று லாக்லனுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் கம்பெனி விற்கப்பட்டது. பாட்டிலில் நாரை அப்படியே நின்றது. பீப்பாய்களின் உறக்கம் மட்டும் அடுத்த வசந்தத்தோடு போயிற்று. லாக்லன் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டு வெளியே வந்தார். தெருவில் மிஸ் ரோனாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். அந்த அம்மாள் செத்தபோது செங்கா மட்டும் போய்வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்பார் சில நாள். உடனே, "சொல்லியிருந்தாலும் வித்துத்தான் இருப்பாங்க" என்று தானே முடித்துக்கொள்வார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடைசிவரை இருந்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மிஸ் ரோனாவின் காரோட்டியாக இருந்த கெம்ப் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

"கூட்டத்துக்கு முந்தின நாள் லாக்லனைப் பாத்துட்டு வந்து வண்டியில ஏறினதும் அந்தம்மா அழுதாங்க. 'அவர் வேண்டாம்னு சொல்லுவாரு, அதை வச்சே மர்டோவை மறுத்துடலாம்னு நம்பி வந்தேன் கெம்ப். கிளாஸை நீட்டிட்டாரு'ன்னாங்க."