விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடமாட்டேன். சங்கரன்கோவிலில் நான் ஃபிட்டராக இருப்பது ஒரு சைசிங் ஆலை. தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்து அனுப்பும் இடம். அங்கே பாவு ஓட்டும் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். என் தலையைக் கண்டாலே, "வந்துட்டாருய்யா கேள்விக்காரரு" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் கேட்பேன்.

அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழக்கமானவர்கள்தான் அந்த அண்ணனும் தம்பியும். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்கள். கிணறு வெட்டுவதும் தூர் வாருவதும் தொழில். என் மாமனாரின் கிணற்றில் அவர்கள் வேலை செய்தபோது இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். இறங்குவதற்கு முன்னால் ஒரு தூக்குவாளிக்குள் அகல்விளக்கை ஏற்றிவைத்துக் கயிற்றில் அடிவரைக்கும் இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். இலையோடு ஒடித்த வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடியும் விளக்கை இறக்குவார்கள். அது நின்று எரிந்தால்தான் ஆள் இறங்குவான்.

"ஏன் வேப்பங்குழை? ஏதும் மருந்துக் குணமா?" என்று கேட்டேன்.

அண்ணன்காரர் சிரித்தார். "மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்ல அண்ணாச்சி. எங்க ஊருல கைக்கு எட்டுதது வேம்புதான்."

அந்த விளக்குச் சோதனையில் நான் சொக்கிப்போய்விட்டேன். மீட்டர் இல்லை, பாட்டரி இல்லை, ஒரு திரியும் கொஞ்சம் எண்ணெயும் போதும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

ஆலைக்குப் பின்பக்கம் தரைக்கடியில் ஒரு தொட்டி இருக்கிறது. கழுவிவிடுகிற கஞ்சித் தண்ணீரெல்லாம் போய்ச் சேருகிற இடம். ஒன்றரை ஆள் ஆழம், ஓர் ஆள் நுழைகிற வாய், ஓர் இரும்பு ஏணி. பாய்லர் பழுதாகி ஆலை ஒரு மாதம் சும்மா கிடந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கியபோது தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. அடியில் கஞ்சி வண்டல் முழங்கால் உயரத்துக்குப் புளித்துக் கிடந்தது. அதை வாரி எடுக்க ஆள் உண்டா என்று முதலாளி கேட்டார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச கிணத்து ஆளுக இருக்காங்க. விளக்கு போட்டுப் பாத்துட்டுத்தான் இறங்குவாங்க, ஒரு பயமும் இல்ல" என்றேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே நாலு போட வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தோம். அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. "இதுக்குள்ளயா மனுசன் இறங்கப் போறான்?" என்று அக்கா தள்ளி நின்றே கேட்டார். அண்ணன்காரர் விளக்கை இறக்கினார். சுடர் அசையாமல் நின்று எரிந்தது. முறைக்கு வேப்பங்குழையையும் ஆட்டினார்கள். தம்பி விளக்கை ஏணியின் கீழ்ப்படியில் தொங்கவிட்டுவிட்டு மண்வெட்டியோடு வண்டலில் கால் வைத்தான்.

"யாத்தாடி, என்னா நாத்தம்!" என்று கீழிருந்து கத்தினான். ஒரு வாளி வந்தது. இரண்டாவது வாளியும் வந்தது. அப்போது அவன் சொன்னான்: "அண்ணாச்சி, நாத்தம் போயிட்டு! இப்பம் ஒண்ணுமே தெரியல."

"காத்து நல்லா ஓடுதுன்னு அர்த்தம்!" என்று நான் பெருமையாகப் பதில் கொடுத்தேன். மூன்றாவது வாளி வரவில்லை.

எட்டிப் பார்த்தோம். தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி கிடந்தான். தலை ஒரு பக்கம் தொங்கியது. அவன் முகத்துக்குப் பக்கத்தில், ஏணியில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த நேரத்திலும் எனக்கு வந்தது கேள்விதான். ஆள் விழுந்துவிட்டான், விளக்கு ஏன் அணையவில்லை? விளக்கு அணைந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இது புரியவில்லை. எனக்குத் தெரியாத எதுவோ உள்ளே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அதற்குள் அண்ணன்காரர் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம். நான் எழுந்து அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"விடும்வே! எந்தம்பி கெடக்கான்! விளக்குதான் எரியுதே, கண்ணு தெரியலயா?"

"எரியுது, ஆனாலும் விழுந்துட்டாம்லா! அதனாலதான்வே போகக்கூடாதுங்கேன்!"

தீயணைப்புக்குப் போன் பண்ணச் சொல்லி நான் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அவர் ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்ததாகக் கம்ப்ரசர் ஹோஸை இழுத்து வரச் சொன்னேன். அக்கா அதை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, நான் சொன்னபடி தலையைக் குனியாமல் ஓரமாக நின்றே உள்ளே நீட்டி, அவன் முகத்துக்கு நேராகக் காற்றைத் திறந்துவிட்டார். என் அடியில் அண்ணன்காரர் தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினார். என் சட்டையைக் கிழித்தார். நான் எழுந்திருக்கவே இல்லை.

வண்டி சீக்கிரமே வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது ஒரு யுகம். முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக ஒருவர் இறங்கினார். மேலே மூன்று பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே கிடத்தியபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வாயில் ஒரு முகமூடியை வைத்து, அதன் காற்றுப் பையை அமுக்கினார்கள். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, வெட்கத்தை விட்டு அந்தத் தீயணைப்பு அதிகாரியிடம் போய், விளக்கு ஏன் எரிந்தது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "விளக்குக்குத் தேவையான காத்து உள்ள இருந்துச்சு, எரிஞ்சுது. விஷம் இருக்கான்னு விளக்கு சொல்லாது சார். புளிச்ச கஞ்சியைக் காலால கலக்குனா விஷவாயு பொங்கி வரும். மொதல்ல நாறும். ஜாஸ்தியாச்சுன்னா மூக்கையே மரத்துப்போக வச்சிரும். நாத்தம் போயிட்டுன்னு எவனாவது சொன்னா அடுத்த நிமிசம் அவன் விழுவான். இன்னொரு வகை வாயு இருந்திருந்தா அந்த விளக்காலயே தொட்டி வெடிச்சிருக்கும்."

"காத்து நல்லா ஓடுது" என்று நான் கத்தியது காதுக்குள் கேட்டது.

அவர் தொட்டியின் வாயைக் காட்டினார். "இந்த மாதிரி இடத்துல ரெண்டாவதா இறங்குனவனத்தான் நாங்க மொதல்ல தூக்குவோம். அவன்தான் மேல கெடப்பான். அந்த அண்ணனப் பிடிச்சு வச்சது நீங்கதானே? நல்ல வேலை செஞ்சீங்க."

தம்பிக்கு மூன்றாம் நாள்தான் நினைவு திரும்பியது. போலீஸ் விசாரணையில் ஆளைக் கூட்டி வந்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் டீக்கடையில் கதை சொல்லும்போது அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டு, கிணற்றில் பாறை உடைக்கிற அந்த அண்ணனை நான் அமுக்கிப் பிடித்த பகுதியை நீட்டினேன். அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது.

இரண்டு மாதம் கழித்து டவுன் பஸ் ஏறி அவர்களைப் பார்க்கப் போனேன். தம்பிக்கு இருமல் இன்னும் விடவில்லை. உள்ளே என்ன ஆனது என்று கேட்டேன். இரண்டாவது வாளிக்குப் பிறகு ஒன்றுமே நினைவில்லை என்றான். கிளம்பும்போது அண்ணன்காரர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க என்னைய அமுக்கிப் பிடிச்சீயன்னு ஊருல எல்லாரும் சொல்லுதாங்க."

"ஆமா, பிடிச்சேம்லா."

"உங்க எடை என்ன இருக்கும்? ஒரு தட்டுத் தட்டுனா அந்தாக்குல போய் விழுந்திருப்பீய. நான் தட்டல. கூடப் பொறந்தவன் உள்ள கெடக்கான். நான் மல்லாந்து கெடந்து கத்துதேன். பயம் அண்ணாச்சி, வெறும் பயம். அவன் மொகத்தப் பாக்க முடியல. இத நான் யாருட்டச் சொல்லுவேன்?"

நீங்கள் இறங்கியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று அதிகாரி சொன்னதை எடுத்துவிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உங்கள வேலைக்குக் கூட்டியாந்தது நான். நியாயமாப் பாத்தா நான்லா இறங்கியிருக்கணும். உங்க மேல உக்காந்திருந்தா என்னைய யாரும் இறங்கச் சொல்ல மாட்டாங்கல்லா."

சொல்லி முடிக்கும்வரை அது எனக்கே தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்துப் பார்த்தார். அண்ணன்காரர் கையை விடவில்லை, நானும் விடவில்லை. பஸ் போய்விட்டது.