நாத்தனாரின் ரத்தம்

சின்னக் கீறல் பட்டாலும் எனக்கு ரத்தம் லேசில் நிற்காது. பிறவியிலேயே அப்படி. செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் முதல்முறை முழுகாமல் இருந்தேன். டாக்டரம்மா என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். இவளுக்குச் சேர்ற ரத்தம் உள்ளவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும்.”

வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் என் நாத்தனாரின் ரத்தம்தான் சேர்ந்தது. இளவயதிலேயே கணவனை இழந்தவர். நல்ல காரியம் எதிலும் முன்னால் வந்து நிற்கமாட்டார்.

“தாலியறுத்தவ ரத்தம் உனக்கு எதுக்கு? வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லு” என்று அழுதார்.

“எனக்கு நீங்கதான் வேணும் அண்ணி” என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. பயந்தபடியே ரத்தம் நிற்கவில்லை. அண்ணி பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார். “இன்னும் எடுங்கம்மா, எனக்கு இன்னா ஆவப்போவுது” என்று அவர் சொன்னது மயக்கத்திலும் எனக்குக் கேட்டது. அவர் ரத்தம் ஏற ஏற, என் உதிரப்போக்கு மெல்லக் குறைந்து நின்றது.

மறுநாள் நர்ஸ் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தாள். “அண்ணிகிட்ட குடுங்க” என்றேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, பிறகுதான் வாங்கிக்கொண்டார்.